ஏடு தின்னும் எந்திரம்

தோழரே!

தங்கள் வீட்டுக் கொல்லையிலே வாழை குலை தள்ளியிருக்கிறது. கன்று நட்ட நாள் தொட்டு நீர் ஊற்றி, காற்றடித்தால் முட்டுக் கொடுத்து, காத்து வளர்த்த குலை. விடிந்து எழுந்து பார்க்கிறீர்கள். குலை இல்லை, வெட்டுவாய் மட்டும் இருக்கிறது. எடுத்தவன் ஓடவில்லை, ஒளியவில்லை. எதிர்த் திண்ணையிலே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். "ஏனப்பா எடுத்தாய்?" என்று கேட்டால், "எடுக்காதே என்று எழுதி மாட்டியிருந்தீர்களா?" என்று எதிர்க்கேள்வி போடுகிறான். அத்தோடு விட்டானா? "இனியேனும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பலகை மாட்டுங்கள். எனக்குப் புரிகிற எழுத்திலே மாட்டுங்கள். போன குலை போனதுதான்!" என்று புத்திமதி வேறு!

இப்படியும் ஒரு நியாயம் உண்டா என்று நகைப்பீர்கள். நகைக்காதீர்கள், தோழரே! 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் நாட்டு எழுத்தாளர், இசைவாணர், ஓவியர் முன்னே வைத்த திட்டத்தின் சாரம் இதுதான். செயற்கை நுண்ணறிவு எந்திரங்களைப் பயிற்றும் நிறுவனங்கள் எவர் எழுத்தையும் எடுத்துக் கொள்ளலாம். எழுதியவன் முன்கூட்டியே 'என்னுடையதை எடுக்காதே' என்று அறிவித்திருந்தால் மட்டும் விட்டுவிட வேண்டும். இதுவே தாங்கள் விரும்பும் வழி என்று அமைச்சர்கள் அறிவித்தனர். எந்த நாட்டு அமைச்சர்கள்? 1710ஆம் ஆண்டிலேயே, ஆன் அரசியார் காலத்திலேயே, அச்சிட்டவனுக்கன்று, ஆக்கியவனுக்கு உரிமை என்று சட்டம் செய்து உலகுக்கு வழிகாட்டிய நாட்டின் அமைச்சர்கள்!

எந்திரம் எழுதுகிறதே, அது என்ன மாயம் என்று கேட்பீர்கள். மாயம் ஏதுமில்லை. கோடானுகோடிச் சொற்களை அதன் வயிற்றிலே கொட்டுகின்றனர். எந்தச் சொல்லின் பின்னே எந்தச் சொல் வரும், எந்த வாக்கியத்தின் பின்னே எந்த வாக்கியம் பொருந்தும் என்று அது கணக்கிட்டுக் கணக்கிட்டுப் பழகுகிறது. பழகிய பின் கேட்டதற்கெல்லாம் சொல் கோத்துத் தருகிறது. ஆகவே அதற்குத் தீனி வேண்டும். சந்தைப் பேச்சும் சச்சரவும் மட்டும் போதா. செப்பனிட்ட எழுத்து, சிந்தித்து எழுதிய எழுத்து, ஒருவன் ஓராண்டு ஈராண்டு உறக்கம் கெட்டு எழுதிய எழுத்து வேண்டும். அந்தத் தீனியின் பெயர் நூல்.

நூல்கள் எங்கிருந்து வந்தன? கடையிலே காசு கொடுத்து வாங்கினரா? 2020ஆம் ஆண்டு 'புக்ஸ்-3' என்னும் பெயரிலே ஏறத்தாழ 1,96,000 நூல்களின் முழு வாசகமும் ஒரே மூட்டையாய்க் கட்டப்பட்டு இணையத்திலே வைக்கப்பட்டது. கள்ளத்தனமாய்ப் பகிரப்பட்ட பிரதிகள் அவை. அமெரிக்காவின் 'அட்லாண்டிக்' இதழ் 2023ஆம் ஆண்டு அந்த மூட்டையை அவிழ்த்து, உள்ளே யார் யார் நூல் இருக்கிறது என்று தேடிப் பார்க்க வழி செய்தது. எழுத்தாளர்கள் தம் பெயரைத் தேடினர். தாம் பெற்ற பிள்ளை தமக்குத் தெரியாமலேயே எங்கோ கொத்தடிமையாய் வேலை செய்வதைக் கண்ட தந்தையைப் போலத் திகைத்தனர். 2025ஆம் ஆண்டு மார்ச்சிலே அதே இதழ் இன்னொரு பெருங்களஞ்சியத்தைத் திறந்து காட்டியது. 'லிப்ஜென்' என்னும் அந்தத் திருட்டு நூலகத்திலே 75 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள்! முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் தன் எந்திரத்துக்குத் தீனி தேடி அங்கே சென்றது என்பது நீதிமன்றத்திலே தாக்கலான ஆவணங்களால் அம்பலமாயிற்று.

உலகத்துச் செல்வமெல்லாம் ஒருங்கே குவிந்து கிடக்கும் நிறுவனம்! மின்சாரத்துக்குப் பணம் உண்டு. சில்லுகளுக்குப் பணம் உண்டு. பொறியாளர்க்கு அள்ளிக் கொடுக்கவும் பணம் உண்டு. எழுதியவனுக்கு வரும்போது மட்டும் கைப்பை காலி!

சரி, நீதிமன்றம் என்ன சொல்லிற்று? சுவையான கதை, சற்றே பொறுமையோடு கேளுங்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகரம். 2025ஆம் ஆண்டு ஜூன் 23. நீதிபதி வில்லியம் ஆல்சப் முன்னே ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனத்தின் மீது மூன்று எழுத்தாளர் தொடுத்த வழக்கு. அந்நிறுவனம் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட நூற்பிரதிகளைத் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிக் கொண்டிருந்தது. பின்னர், விலை கொடுத்து வாங்கிய அச்சு நூல்களும் உண்டு. அவற்றின் கட்டை அறுத்து, தாள்களைப் பிரித்து, படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, தாள்களைக் குப்பைக்கு அனுப்பினர். (கரையான் கூட ஒரு நூலைத் தின்று முடிக்க மாதக்கணக்கில் ஆகும், பாவம்.) நீதிபதி என்ன தீர்ப்பளித்தார்? நூல்களைக் கொண்டு எந்திரத்தைப் பயிற்றியது நியாயமான பயன்பாடே. வாங்கிய நூலைப் படமெடுத்ததும் தவறன்று. ஆனால் திருட்டுப் பிரதிகளைச் சேர்த்துக் களஞ்சியம் கட்டியதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றார். அதன் விளைவு, அதே ஆண்டு செப்டம்பரில் 150 கோடி டாலர் தருவதாகச் சமரசம். நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர்.

வெற்றி என்று கைதட்டினர். நானும் தட்டினேன். தட்டிய கை ஓய்வதற்குள் கணக்கைப் பார்த்தேன். 70 லட்சம் பிரதிகள் எங்கே, பணம் பெறும் பட்டியலிலே ஏறிய ஏறத்தாழ 4,82,000 நூல்கள் எங்கே? ஒரே நூலின் பல பிரதிகள் கழிந்தன என்பது ஒரு பங்கு. மற்றொரு பங்கு, அமெரிக்க அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலே உரிய காலத்துக்குள் பதிவு செய்த நூலுக்கே பணம் என்னும் விதி. மதுரையிலும் கோவையிலும் நாவல் எழுதுவோர் எத்தனை பேர் வாஷிங்டனுக்கு விண்ணப்பம் அனுப்பியிருப்பர்? அள்ளும்போது ஊர் பார்க்கவில்லை. கொடுக்கும்போது மட்டும் பதிவுச் சீட்டு கேட்கிறது சட்டம்!

இதிலே ஒரு வாதம் இருக்கிறது, தோழரே. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஏனெனில் அது என் நெஞ்சையும் தொட்ட வாதம். நீதிபதி ஆல்சப் கூறினார்: பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாக எழுதக் கற்றுக் கொடுத்தால், அவர்கள் வளர்ந்து போட்டி நூல்கள் எழுதிக் குவிப்பரே என்று எவரேனும் குறைப்படலாமா? எழுத்தாளர்களின் முறையீடும் அதைப் போன்றதே என்பது அவர் கருத்து.

நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டவன். என் கல்லூரி, மாவட்ட மைய நூலகத்தின் மூலை மேசை. அங்கே படித்த ஆசிரியர்களிடம் நான் அனுமதி கேட்டதில்லை, கட்டணம் கட்டியதில்லை. அவர்கள் நடையைப் பார்த்து நடை பழகினேன். என் முதல் நாடகத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர், "வசனம் நன்று; ஆனால் எந்தெந்த வரி எந்தெந்த மேடையிலிருந்து நடந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது, தம்பி" என்றார். வெட்கித் தலை குனிந்தேன். ஆகவே, நானும் எடுத்தவன்தானே, எந்திரம் எடுத்தால் என்ன என்று என்னையே பல இரவு கேட்டுக் கொண்டேன்.

விடை இதுதான். நூலகத்து நூலுக்கு எவரோ விலை கொடுத்தார். மக்கள் செலுத்தும் நூலக வரியிலே வாங்கிய நூல் அது. நான் படித்தது நூறு, இருநூறு. ஓர் ஆயுளிலே ஒருவன் படிக்கக் கூடியது அவ்வளவே. நான் ஒரு நாடகம் எழுத ஆறு திங்கள் ஆகிறது. நான் எழுதியதால் எவர் அடுப்பும் அணைந்ததில்லை. எந்திரமோ உலகத்து நூலகங்களையெல்லாம் ஒரே மூச்சிலே விழுங்கி, நொடிக்கொரு பக்கம் கக்குகிறது. கக்குவது எங்கே? எவன் எழுத்தை விழுங்கியதோ, அவன் கடை விரித்திருக்கும் அதே தெருவிலே! பள்ளிப் பிள்ளை வளர்ந்து எழுத்தாளனானால் ஊருக்கு ஓர் எழுத்தாளன் கூடுகிறான். எந்திரம் வளர்ந்தால், ஊரிலே உள்ள எழுத்தாளனும் குறைகிறான்.

இது என் வாய்ப்பேச்சு மட்டுமன்று. ஆல்சப் தீர்ப்பளித்த இரண்டாம் நாள், ஜூன் 25, அதே நகரத்திலே நீதிபதி வின்ஸ் சாப்ரியா, மெட்டா மீதான வழக்கிலே, அந்தப் பள்ளிப் பிள்ளை உவமை பொருந்தவே பொருந்தாது என்று எழுதினார். எந்திரத்தின் எழுத்து வெள்ளமாய்ப் பெருகிச் சந்தையை மூழ்கடிக்குமானால் அனுமதியின்றி எடுப்பது பல சமயம் சட்ட விரோதமே என்றார். அப்படியானால் எழுத்தாளர் வென்றனரா? இல்லை! அந்த வாதத்தை வழக்குத் தொடுத்த பதின்மூவரும் சான்றோடு வைக்கவில்லை என்று கூறி மெட்டாவுக்கே தீர்ப்பளித்தார். நோயைச் சரியாகச் சொன்ன வைத்தியர், மருந்தை எதிராளிக்குக் கொடுத்தனுப்பிய கதை.

வெள்ளம் வருமானால் என்கிறாரே, வந்துவிட்டது! 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்று அமெரிக்காவிலே ஓர் அறிவியல் கதை இதழ். புதியவர், பழையவர் பேதமின்றி எவர் கதை அனுப்பினாலும் படித்துப் பார்த்து, தேர்ந்தால் அப்போது சொல்லுக்கு 12 சென்ட் கூலி கொடுத்த இதழ். பெயரில்லாதவனுக்குத் திறந்திருந்த வாயில் அது. 2023 பிப்ரவரியிலே, திங்கள் முடியுமுன்பே, 500 அளவில் எந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்தன. மனிதர் எழுதியவை 700 அளவில். எளிதாய்ப் பணம் பண்ண வழி என்று இணையத்திலே எவரோ சொன்னதைக் கேட்டு, கதை என்றால் என்னவென்றே அறியாதோர் அனுப்பிய குப்பை. ஆசிரியர் நீல் கிளார்க் என்ன செய்வார்? பிப்ரவரி 20ஆம் நாள் வாயிலை மூடினார்! மறு திங்கள் மீண்டும் திறந்தார் எனினும், அந்த மூன்று நான்கு வாரம் கதவடியிலே கதையோடு நின்ற புதியவனை எண்ணிப் பாருங்கள். எவன் எழுத்தைத் தின்று எந்திரம் கொழுத்ததோ, அவன் நுழைய வேண்டிய வாயிலை அந்த எந்திரத்தின் எச்சில் அடைத்துக் கொண்டது.

பெரிய எழுத்தாளர்க்கு வழக்கறிஞர் உண்டு. ஜான் கிரிஷாமும் ஜார்ஜ் மார்ட்டினும் 2023 செப்டம்பரிலே ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தனர், தொடுக்கட்டும், வெல்லட்டும். நான் அழுவது அவர்களுக்காக அன்று. நான் அழுவது அடிப்படிக்கட்டுக்காக!

அடிப்படிக்கட்டு என்றால் என்ன? சொல்கிறேன். கல்லூரியை விட்ட ஆண்டு எனக்குச் சோறு போட்டது எங்கள் ஊர் அச்சகம். திருமண வாழ்த்து மடலுக்கு 50 ரூபாய், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு 30. ஆடித் தள்ளுபடி வந்தால் ஜவுளிக் கடைத் துண்டறிக்கைக்கு 150. அது எனக்குத் தீபாவளி. இலக்கியமா அது என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் இறந்த ஒரு மிதிவண்டிக் கடைக்காரரின் எழுபதாண்டு வாழ்வை நான்கு வரியிலே சொல்ல வேண்டும், அதைப் படித்து அவர் மனைவி தலையசைக்க வேண்டும் என்று அச்சகத்து முதலாளி என்னை மூன்று முறை திருப்பி எழுத வைத்தாரே, அங்கேதான் நான் வசனம் கற்றேன். கூலியும் கிடைத்தது, குட்டும் கிடைத்தது. இன்று அதே அச்சகத்திலே முதலாளியின் மகன் கைப்பேசியிலே இரண்டு வரி தட்டுகிறான். 'வாழ்வாங்கு வாழ்ந்த வள்ளலே' என்று கொட்டுகிறது. வட்டிக்கு விட்டவருக்கும் அதே வரி, வண்டி இழுத்தவருக்கும் அதே வரி. அவனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்கு 30 ரூபாய் மிச்சம். அங்கே இருந்த என் இருக்கை இன்று எவனுக்கும் இல்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனிலே மட்டும் என்ன வாழ்கிறது? எழுத்தையே தொழிலாய்க் கொண்டோரின் நடுத்தர வருமானம் 2006இல் ஆண்டுக்கு 12,330 பவுன், 2022இல் 7,000. எந்திரம் முழு வேகத்தில் வருமுன்பே இந்த இளைப்பு! அவர்களிடம் போய்த்தான் 'பலகை மாட்டுங்கள்' என்றது அரசு. பலகை மாட்டவேனும் முடியுமா? இணையத் தளத்தின் வாயிலிலே 'எந்திரமே, உள்ளே வராதே' என்று எழுதி வைக்க ஒரு வழி உண்டு. அது வேண்டுகோள், கதவன்று. அதுவும் தளத்துக்கு உரியவன் எழுத வேண்டியது. என் கதையை எடுத்துத் தன் தளத்திலே போட்டவன் எனக்காகப் பலகை மாட்டுவானா? ஏற்கெனவே தின்றதற்கு என்ன வழி? குழம்பிலே கரைந்த உப்பைப் பொறுக்கித் தர எந்தச் சமையற்காரனால் முடியும்?

பிரிட்டிஷ் கலைஞர் வாளாவிருந்தாரில்லை. 2025 பிப்ரவரி 25, கருத்துக் கேட்புக்குக் கடைசி நாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இசைவாணர் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். பன்னிரண்டு பாட்டு, பாட்டிலே ஓசையே இல்லை! ஆளில்லா ஒலிப்பதிவுக் கூடத்தின் மௌனம் மட்டும். தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால், இசைத் திருட்டைச் சட்டமாக்காதே என்று அரசுக்கு எச்சரிக்கை. பாராளுமன்றத்திலே திரைப்பட இயக்குநரான பீபன் கிட்ரன் சீமாட்டி எழுந்து, எவர் நூலை எடுத்தீர்கள் என்று அந்நிறுவனங்கள் வெளிப்படச் சொல்லட்டும், அதற்கேனும் சட்டம் செய்யுங்கள் என்றார். பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்று அரசை மீண்டும் மீண்டும் தோற்கடித்தது. பிரபுக்களைப் புகழும் கதி எனக்கு வரும் என்று கனவிலும் கருதவில்லை! மக்கள் தேர்ந்த சபையோ, செலவு பிடிக்கும் திருத்தம், நிதி விவகாரம் எங்களுடையது என்று விதியைக் காட்டித் தள்ளிற்று. ஜூன் 19ஆம் நாள் அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே சட்டம் நிறைவேறிற்று. பின்னர், டிசம்பரிலே, அரசே தான் கேட்ட கருத்துகளின் கணக்கை வெளியிட்டது: அரசு விரும்பிய வழியை ஆதரித்தோர் நூற்றுக்கு மூவர்!

போராடிப் பெற்றோரும் உண்டு. ஹாலிவுட்டின் திரைக்கதை எழுத்தாளர் 2023ஆம் ஆண்டு 148 நாள் பேனாவைக் கீழே வைத்தனர். எந்திரத்தை ஆசிரியன் என்று எழுதக் கூடாது, எந்திரத்தைப் பயன்படுத்து என்று எங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலே ஏற்றிய பிறகே எடுத்தனர். சங்கம் இருந்தது, சாதித்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்திலே ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தது; பதிப்பாளர் கூட்டமைப்பும் அதிலே சேர முன்வந்தது. 2025 டிசம்பரிலே, தொழில் வளர்ச்சித் துறை அமைத்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. சட்டப்படி கிடைக்கும் எழுத்தையெல்லாம் எந்திரப் பயிற்சிக்கு எடுக்கலாம். நிறுவனங்கள் வருமானத்திலே ஒரு பங்கைக் கட்ட வேண்டும். ஒரு பொது அமைப்பு அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் பரிந்துரை. பிரிட்டன் சொன்னதை விட இது மேல். 'கொடு' என்னும் சொல் இதிலே இருக்கிறது. ஆனால் 'கேள்' என்னும் சொல் இல்லை! மாட்டேன் என்று மறுக்க எழுதியவனுக்கு உரிமை இல்லை. உம் நிலத்தைக் கேளாமல் உழுவோம், குத்தகையை நாங்களே நிர்ணயித்து அனுப்புவோம் என்றால் எந்த உழவன் ஒப்புவான்? அந்தப் பணம் யார் கைக்கு வந்து சேரும்? தில்லியிலே அலுவலகம் வைத்திருக்கும் பெரும் பதிப்பகத்துக்கா, தஞ்சையிலே தன் காசில் ஐந்நூறு பிரதி அச்சிட்ட கவிஞனுக்கா?

சட்டம் மாறாது என்று சோர வேண்டா. 2012க்கு முன் நம் திரைப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் நிலை என்ன? ஒரு முறை எழுதிக் கொடுத்தால் உரிமையெல்லாம் முதலாளிக்கு. பாட்டு ஐம்பதாண்டு ஒலித்தாலும் எழுதியவனுக்கு ஒரு காசில்லை. மாநிலங்கள் அவையிலே பாடலாசிரியர் ஜாவேத் அக்தரே எழுந்து வாதாடினார். அந்த ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்துக்கு வெளியே பாட்டு ஒலித்தால் வரும் தொகையிலே பங்கை எழுதியவன் விற்க முயன்றாலும் விற்க முடியாதபடி அரண் வந்தது. அன்றும், தொழில் அழிந்துவிடும் என்றே கூக்குரல் இட்டனர். தொழில் அழிந்துவிட்டதா?

எந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நான். அதனாலே நோய் கண்டறியட்டும், கண் தெரியாதவர்க்கு நூல் படித்துக் காட்டட்டும். கேட்டு எடு, கொடுத்து எடு, எதை எடுத்தாய் என்று சொல்லி எடு என்கிறேன். தாங்கள் இதைத் தங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். எந்தக் கட்சி ஆயினும் சரி, எம் கட்சி ஆயின் முதலில் கேளுங்கள். மறுக்கும் உரிமை இல்லாத பரிந்துரையைத் தாங்கள் ஆதரிக்கிறீர்களா என்று ஆம், இல்லை என விடை வாங்குங்கள்.

சென்ற வாரம் ஓர் இளைஞன் வந்தான். வயது இருபது இருக்கும். துணிக்கடையிலே கணக்கு எழுதுகிறான். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, "நாடகம் எழுதியிருக்கிறேன் அண்ணே" என்றான். "எந்திரம் எழுதியதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, முகம் வாடிவிட்டது. அடித்து அடித்துத் திருத்திய பக்கங்களை விரித்துக் காட்டினான். இரவு படித்தேன். இரண்டாம் காட்சியிலே மாமியார் பேசும் பேச்சு நெருப்பு. மூன்றாம் காட்சி முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எவரும் எதுவும் செய்யவில்லை. அதைத் திருத்தி வரும் ஞாயிறு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.